பழைய கேமுக்குப் புதிய லேப்டாப்: எதைப் பார்த்து வாங்குவது?

"கேம் விளையாட வேண்டும்" என்று கடையில் சொல்லிவிட்டால் போதும். கடைக்காரர் நம்மை நேராக கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் மேஜைக்கு அழைத்துச் சென்று விடுவார். எந்த கேம், எந்த ஆண்டில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் பல வீடுகளில் தேவைக்கு இரு மடங்கு பணம் செலவாகிறது.

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் உள்ள என் நண்பர் ஒருவரின் வீட்டிலும் இப்படித்தான் நடக்க இருந்தது. ஒரு காலத்தில் சீனப் பீங்கான்கள் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் இந்த ஊர். இப்போது பலர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் வேலை பார்ப்பதால், ஊர் திரும்பும் பெட்டிகளில் லேப்டாப் வருகிறது. நண்பரின் இளைய மகன் கீழக்கரையில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, துபாயில் இருக்கும் மூத்த மகன் லேப்டாப் வாங்க ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கினார். ஒரே ஒரு நிபந்தனை. படிப்புக்கு உதவுவதுடன், இருவரும் சேர்ந்து கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 விளையாடவும் அது ஏற்றதாக இருக்க வேண்டும்.

மூத்தவர் 2008 வாக்கில் ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கற்றுக் கொண்ட கேம் அது. ஊருக்கு வரும்போது தம்பிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். "காக்கா போனில் பேசினால் படிச்சியா, சாப்பிட்டியான்னு ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சிடும். கேமில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பேசுவோம்" என்றான் தம்பி. எனவே கேமை ஒதுக்கிவிட்டு லேப்டாப் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் கடையில் அவனுக்குக் காட்டியதோ இரண்டரை கிலோ எடையுள்ள கேமிங் லேப்டாப். முழுப் பணமும் அதற்கே போய்விடும். வாங்கும் முன் எனக்குப் போன் செய்தார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கு விரிவாகத் தருகிறேன்.

முதலில் கேமைப் பாருங்கள்

கவுண்டர் ஸ்ட்ரைக், 1998ல் வெளியான, வால்வ் நிறுவனத்தின் ஹாப் லைப் என்ற கேமின் மேல் மின் லீ, ஜெஸ் கிளிப் என்ற இருவர் உருவாக்கிய கூடுதல் தொகுப்பாகத் தொடங்கியது. சோதனைப் பதிப்பு 1999லும், வால்வ் நிறுவனத்தின் முழுப் பதிப்பு 2000 நவம்பரிலும் வந்தன. 1.6 பதிப்பு 2003ல் வெளியானது. இன்றும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் விற்பனையாகிறது.

இந்த கேமுக்குத் தேவை என அங்கு தரப்பட்டுள்ளதைப் பாருங்கள். குறைந்தபட்சம் 500 மெகா ஹெர்ட்ஸ் ப்ராசசர், 96 எம்.பி. ராம், 16 எம்.பி. வீடியோ கார்ட். நன்றாக ஓட 800 மெகா ஹெர்ட்ஸ், 128 எம்.பி. ராம், 32 எம்.பி. வீடியோ கார்ட். இன்று கடையில் உள்ள மிக மலிவான லேப்டாப் கூட 4 ஜி.பி. ராம் கொண்டது. அதாவது 128 எம்.பி.யைப் போல 32 மடங்கு.

2007ல் அசூஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற சின்ன லேப்டாப்பை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்.பி. ராம், எடை 0.92 கிலோ. நெட்புக் என்ற வகையைப் பிரபலமாக்கியது அதுதான். இந்த கேம் கேட்கும் ராமைப் போல 4 மடங்கு அதிலேயே இருந்தது. எனவே எடை குறைந்த லேப்டாப்பில் இந்த கேம் ஓடுமா என்ற கவலை வேண்டாம்.

இதே கேமின் புதிய வடிவமான கவுண்டர் ஸ்ட்ரைக் 2 (2023 செப்டம்பர்) 8 ஜி.பி. ராம், 1 ஜி.பி. அல்லது அதற்கு மேல் நினைவகம் கொண்ட வீடியோ கார்ட், ஹார்ட் டிஸ்க்கில் 85 ஜி.பி. இடம் ஆகியவற்றைக் கேட்கிறது. பெயர் ஒன்றுதான். தேவை முற்றிலும் வேறு. உங்கள் வீட்டுப் பிள்ளை எதை விளையாடப் போகிறார் என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். புதியது என்றால் இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது.

தனி கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமா?

வேண்டாம். ப்ராசசருடன் சேர்ந்தே வரும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கிராபிக்ஸ் போதும். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 வழக்கமாக ஒரு நொடிக்கு 100 பிரேம் என்ற எல்லைக்குள் ஓடுகிறது. இன்றைய சாதாரண லேப்டாப் அதை எளிதில் எட்டும். திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் அதில் நீங்கள் பார்க்கப் போவது நொடிக்கு 60 பிரேம்தான். மீதி சக்தி வீண்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதைக் குளிர்விக்க பெரிய பேன் வேண்டும். மின்சாரம் தர பெரிய அடாப்டர் வேண்டும். இரண்டும் எடையைக் கூட்டும். கேமிங் லேப்டாப் இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ, அதன் அடாப்டர் அரை கிலோவுக்கு மேல் என்றால் பையில் ஏறுவது மூன்று கிலோ. எடை குறைந்த 14 அங்குல லேப்டாப் 1.3 கிலோ, அதன் டைப் சி அடாப்டர் கால் கிலோ அளவில் இருக்கும். தினமும் பஸ்ஸில் நின்று கொண்டு கல்லூரிக்குப் போகும் மாணவனுக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

ப்ராசசரும் ராமும்

இன்டெல் ப்ராசசரின் பெயரில் எண்ணுக்குப் பின் "யு" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகை. "எச்" என்றால் அதிக மின்சாரம், அதிக வேகம், அதிக சூடு. நமக்கு "யு" போதும். ஏ.எம்.டி. ரைசன் வரிசையிலும் இந்த இரு எழுத்துகள் உண்டு.

கேமுக்கு மட்டும் என்றால் செலிரான் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் நான்கு ஆண்டு கல்லூரிப் படிப்புக்கு அது போதாது. எனவே கோர் ஐ3, ரைசன் 3 என்ற நிலைக்குக் கீழே இறங்க வேண்டாம். முடிந்தால் ஐ5, ரைசன் 5 நிலையில் வாங்குங்கள்.

ராம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எடை குறைந்த பல லேப்டாப்களில் ராம் மதர் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. அப்படியானால் வாங்கும்போதே 16 ஜி.பி. வாங்கி விடுங்கள். தனி ஸ்லாட் இருந்தால் 8 ஜி.பி.யில் தொடங்கி, பிறகு சேர்த்துக் கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். இ.எம்.எம்.சி. என்று எழுதியிருந்தால் அது வேகம் குறைந்த சேமிப்பு வகை. தவிர்க்கவும்.

எடை குறைவு என்று ஏமாந்து விடாதீர்கள்

மிக இலேசான லேப்டாப்களில் சில, இந்தப் பழைய கேமை ஓட்டாது. காரணம் வேகம் அல்ல.

மேக்புக் ஏர்: எடை 1.24 கிலோ, பேட்டரி நாள் முழுவதும் வரும். ஆனால் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6ன் மேக் பதிப்பு 32 பிட் புரோகிராம். 2019ல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் ஆப்பிள் 32 பிட் புரோகிராம்களை ஏற்பதில்லை. எனவே புதிய மேக்புக்கில் இது நேரடியாக ஓடாது.

ஸ்னாப்டிராகன் ப்ராசசர் கொண்ட விண்டோஸ் லேப்டாப்: இன்டெல் வகைக்கு எழுதப்பட்ட கேமை இது உள்ளுக்குள் மாற்றித்தான் இயக்கும். சில கேம்கள் ஓடும். சில சண்டித்தனம் செய்யும். முதல் முறையாக கம்ப்யூட்டர் வாங்குபவர் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

குரோம்புக்: இதில் ஸ்டீம் தளத்தை இயக்கும் சோதனைத் திட்டம் 2026 ஜனவரி 1 உடன் நிறுத்தப்பட்டு விட்டது.

ஆக, இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ப்ராசசர், அதில் 64 பிட் விண்டோஸ் 11. இதுதான் பாதுகாப்பான வழி. லினக்ஸ் பழகியவர்களுக்கு அதிலும் இந்த கேம் கிடைக்கிறது.

வீட்டில் உள்ள பழைய லேப்டாப் உதவுமா?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் பெற்ற லேப்டாப் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. "இதில்தான் அப்போது நன்றாக ஓடியதே" என்று கேட்பீர்கள். கேம் ஓடும். ஆனால் அதைத் தரும் ஸ்டீம் ஓட வேண்டுமே! 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7 மற்றும் 8 பதிப்புகளுக்கான ஆதரவை ஸ்டீம் நிறுத்தி விட்டது. 2026 ஜனவரி 1 முதல் 32 பிட் விண்டோஸுக்கும் ஆதரவில்லை. பழைய கேமுக்குப் பழைய கம்ப்யூட்டர் போதும் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தவறிப் போகிறது.

பயன்படுத்திய லேப்டாப் வாங்க நினைப்பவர்களும் இதைக் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11க்கு, பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர் வேண்டும். அதற்கு முந்தையதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் யோசிக்கவும்.

கீ போர்டைத் தொட்டுப் பாருங்கள்

இந்த கேமில் இடது கையின் வேலை முழுவதும் கீ போர்டின் இடது மூலையில்தான். நடக்க நான்கு எழுத்துக் கீகள், குனிய கண்ட்ரோல், சத்தமின்றி நடக்க ஷிப்ட். சில லேப்டாப்களில் கண்ட்ரோல் கீ இருக்க வேண்டிய மூலையில் எப்.என். கீயை வைத்திருப்பார்கள். குனிய நினைத்து அதை அழுத்தினால் நீங்கள் நின்று கொண்டேயிருப்பீர்கள். எதிரி சுட்டு விடுவான். சிலவற்றில் பயாஸ் அமைப்பில் இந்த இரண்டு கீகளையும் இடம் மாற்றலாம். அந்த வசதி உண்டா என்று கேட்டு வாங்கவும்.

கடையில் நோட்பேட் திறந்து, மூன்று கீகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மூன்று எழுத்தும் திரையில் வர வேண்டும். டச் பேடில் இந்த கேமை விளையாட முடியாது. வயர் உள்ள சாதாரண மவுஸ் ஒன்று கட்டாயம் தேவை. திரை கண்ணாடி போல் பளபளக்காமல் மேட் வகையாக இருந்தால் வெளிச்சத்தில் கண் கூசாது.

சூடும் உப்புக் காற்றும்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பேன் இல்லாத, மிக இலேசான லேப்டாப் ஒன்று வாங்கினேன். சத்தமே இல்லை என்று மகிழ்ந்தேன். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் கேம் விளையாடியதும் வேகம் பாதியாகி விட்டது. சூடு ஏறினால் ப்ராசசர் தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். நம் ஊர் வெப்பத்திற்குச் சின்னதாக ஒரு பேன் இருப்பதே நல்லது. மெத்தையில் வைத்து விளையாடாதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும்.

கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி உண்டு. உப்பு கலந்த ஈரக்காற்று யு.எஸ்.பி. போர்ட்களிலும் உலோகப் பாகங்களிலும் அரிப்பை உண்டாக்கும். கடல் பக்கத்து ஜன்னல் அருகே லேப்டாப்பைத் திறந்து வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் மூடி, பையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றிரண்டை உடன் போட்டு வையுங்கள். வாரக் கணக்கில் பயன்படுத்தாமலும் விடாதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் அடாப்டரை நல்ல ஸ்பைக் கார்டு வழியாக இணைக்கவும்.

பேட்டரி கணக்கு எளிது. பேட்டரியின் வாட் ஹவர் எண்ணை, லேப்டாப் இழுக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். 50 வாட் ஹவர் பேட்டரி, பாடம் எழுதும்போது 8 வாட் இழுத்தால் 6 மணி நேரத்திற்கு மேல் வரும். கேமில் 18 வாட் இழுத்தால் 3 மணி நேரத்திற்குள் தீரும்.

வெளிநாட்டில் இருந்து கொண்டு வருவதாக இருந்தால்

18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியின்றிக் கொண்டு வரலாம். ஆனால் வாங்கும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

1. வாரண்டி இந்தியாவிலும் செல்லுமா? வாங்கிய நாட்டில் மட்டும் என்றால், பழுதானால் முழுச் செலவும் உங்களுடையது.

2. கீ போர்டில் அரபி எழுத்துகளும் அச்சிடப்பட்டுள்ளதா? விளையாடத் தடையில்லை. புதிதாக டைப்பிங் பழகுபவர் சற்றுத் திணறுவார்.

3. அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியுள்ளதா? துபாய், மலேசியா, சிங்கப்பூர் ப்ளக்குகள் தட்டையான மூன்று பின் கொண்டவை. நம் சாக்கெட்டில் நுழையாது. மாற்றுவதற்கு நல்ல கன்வர்ட்டர் வேண்டும்.

4. பேட்டரி 100 வாட் ஹவருக்குள் உள்ளதா? அதற்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவைப்படும். லேப்டாப்பை எப்போதும் கைப்பையிலேயே எடுத்து வாருங்கள்.

வேகம் லேப்டாப்பில் இல்லை, இணைப்பில் இருக்கிறது

பழைய ஆன்லைன் கேமில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது கிராபிக்ஸ் அல்ல. நீங்கள் அனுப்பும் தகவல் சர்வருக்குப் போய் பதில் வர ஆகும் நேரம். இதைப் பிங் என்பார்கள். மில்லி செகண்டில் சொல்வார்கள். கேமில் டேப் கீயை அழுத்தினால் லேட்டன்சி என்ற தலைப்பில் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

பைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் செல்கிறது. துபாயில் இருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 1,900 கி.மீ. போய் வர 3,800 கி.மீ. எனவே 19 மில்லி செகண்டுக்குக் குறைய வாய்ப்பே இல்லை. கேபிள் நேர்கோட்டில் செல்லாததாலும், வழியில் பல இடங்களில் மாறிச் செல்வதாலும் உண்மையில் இன்னும் அதிகமாகும். எவ்வளவு விலை உயர்ந்த லேப்டாப்பும் இதைக் குறைக்க முடியாது.

அண்ணன் துபாயிலும் தம்பி பெரியபட்டினத்திலும் இருந்தால் ஐரோப்பிய சர்வரைத் தேர்ந்தெடுப்பது தவறு. இருவருக்கும் நடுவில் உள்ள மும்பை சர்வர் என்றால் இருவருக்கும் ஓரளவு சமமாக இருக்கும்.

மொபைல் ஹாட் ஸ்பாட்டில் பிங் ஒரு நிமிடம் 50, அடுத்த நிமிடம் 200 என்று குதிக்கும். நிலையாக இருக்கும் 80 கூட, இப்படிக் குதிக்கும் 50ஐ விட மேல். வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் லேன் கேபிள் மூலம் இணையுங்கள். மெல்லிய லேப்டாப்களில் லேன் போர்ட் இருப்பதில்லை. யு.எஸ்.பி. லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்.

பெருநாள் விடுமுறையில் எல்லாரும் ஊரில் இருக்கும்போது இன்டர்நெட்டை நம்பவும் தேவையில்லை. ஒருவர் நியூ கேம் கொடுத்துத் தொடங்க, ஒரே ரவுட்டரில் இணைந்த மற்றவர்கள் லேன் என்ற பிரிவில் அதைக் கண்டு சேர்ந்து கொள்ளலாம். 32 பேர் வரை விளையாடலாம்.

ஓசி காப்பி வேண்டாம்

பிரவுசிங் சென்டர் காலத்தில் கைமாறிய காப்பிகளைப் பென் டிரைவில் வாங்கிப் பதிய வேண்டாம். வைரஸ் சேர்ந்தே வரும். முறையாக வாங்கியவர்களும் சர்வரைப் பார்த்துச் சேர வேண்டும். 2019ல் டாக்டர் வெப் என்ற ஆண்டி வைரஸ் நிறுவனம், இந்த கேமின் சுமார் 5,000 சர்வர்களில் 1,951 சர்வர்கள் பெலோனார்ட் என்ற ட்ரோஜன் உருவாக்கிய போலிகள் என்று கண்டறிந்தது. அதாவது 39 சதவீதம். பட்டியலில் மிகக் குறைந்த பிங் காட்டுகிறதே என்று தெரியாத சர்வரில் நுழையாதீர்கள். நம்பிக்கையான சர்வரை பேவரிட்ஸ் பிரிவில் சேர்த்து, அதையே பயன்படுத்துங்கள்.

கடைக்கு எடுத்துச் செல்ல ஒரு பட்டியல்

* எடை அடாப்டருடன் சேர்த்து 1.7 கிலோவுக்குள்.
* இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ப்ராசசர், "யு" வகை. தனி கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை.
* ராம் 8 ஜி.பி. (ஸ்லாட் இருந்தால்) அல்லது 16 ஜி.பி.
* எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி.
* 64 பிட் விண்டோஸ் 11.
* 14 அங்குல மேட் திரை, 50 வாட் ஹவர் பேட்டரி, சிறிய பேன்.
* மூலையில் கண்ட்ரோல் கீ.
* வயர் மவுஸ், யு.எஸ்.பி. லேன் அடாப்டர், ஸ்பைக் கார்டு.

நண்பர் வீட்டில் இந்தப் பட்டியலை வைத்துக் கொண்டு 1.3 கிலோ எடையில் ஒரு லேப்டாப் வாங்கினார்கள். ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதில் வீட்டிற்கு பைபர் இணைப்பு எடுத்தார்கள். மீதி இரண்டாவது செமஸ்டர் கட்டணத்திற்கு உதவியது.

சென்ற மாதம் போன் செய்தபோது லேப்டாப் எப்படி என்று கேட்டேன். "சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு உட்காருவாங்க. துபாயில் அப்போ ஒன்பது மணி. கேமிலேயே மைக்கில் பேசிக்கிறாங்க. அவங்க உம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவனிடம் ரெண்டு வார்த்தை பேசிடுறாங்க" என்றார் நண்பர். லேப்டாப்பின் மாடல் எண்ணை அவரால் சொல்ல முடியவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.